பத்தாண்டு வாக்கு

சென்ட்ஓஎஸ் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது குளிர். வெளியே சென்னை வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். சர்வர் அறைக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்போம். மின்விசிறிகளின் ஓயாத இரைச்சல். ரேக்கிலிருந்து இழுத்து விரித்த கீபோர்டின் மேல் குனிந்து பார்த்தால், கறுப்புத் திரையில் சாம்பல் நிறத்தில் இரண்டே வரிகள். முதல் வரியில் சென்ட்ஓஎஸ் ரிலீஸ் 5.5 என்றும் அடைப்புக்குறிக்குள் ஃபைனல் என்றும் இருக்கும். அடுத்த வரியில் கெர்னல் 2.6.18. அதன் கீழே லாகின் கேட்டுத் துடிக்கும் கர்சர். அந்த இரண்டு வரிகளைக் கண்டதும் மனம் அமைதியாகிவிடும். எந்தக் கோப்பு எந்த அடைவில் இருக்கும், எந்தச் சேவையை எப்படி நிறுத்தித் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் யோசிக்காமலே விரலுக்கு வரும். ஊர் பேர் தெரியாத நிறுவனத்தின் சர்வர் ஆனாலும் அந்த வரிகள் இருந்தால் போதும், பழகிய இடம்தான்.

சென்ட்ஓஎஸ் என்ற அந்த லினக்ஸ் இயங்குதளம் இன்று இல்லை. 2024 ஜூன் 30-ஆம் தேதி அதன் ஏழாம் பதிப்பின் ஆயுள் முடிந்தது. 2004-இல் தொடங்கிய இருபதாண்டு மரபும் அன்றோடு முடிந்தது. பெயரில் பாதியைச் சுமந்துகொண்டு ‘ஸ்ட்ரீம்’ என்று ஒன்று இருக்கிறது. நாங்கள் பழகியது அது அல்ல. வெறும் மென்பொருள்தானே, ஒன்று போனால் இன்னொன்று என்று சொல்பவர்கள் உண்டு. ஒன்றன் மேல் நின்று பிழைப்பு நடத்தி, அதன் மேலேயே தொழில் கற்று, அதை நம்பி இரவில் தூங்கியவர்களுக்கு அப்படிச் சொல்ல வாய் வராது.

அது பிறந்த காலத்தை நினைக்கிறேன். அன்று லினக்ஸ் கற்க ஆசைப்பட்ட பலருக்கு ரெட்ஹேட்தான் லினக்ஸ். 7.3, 8, 9 என்று சிடிகள் கைமாறிக்கொண்டே இருக்கும். 2003-இல் அந்த நிறுவனம் தன் வழியை மாற்றிக்கொண்டது. யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய ரெட்ஹேட் லினக்ஸ் 9-ஆம் பதிப்போடு நின்றது. 2004 ஏப்ரல் இறுதியில் அதற்கான திருத்தங்களும் நின்றன. நிறுவனங்களுக்கு ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ், அதற்கு ஆண்டுச் சந்தா. புதுமை விரும்பும் ஆர்வலர்களுக்கு ஃபெடோரா. ஃபெடோரா நல்லதுதான், ஆனால் ஒரு பதிப்பின் ஆயுள் ஓராண்டுக்குச் சற்றே கூடுதல். ஆண்டுக்கு ஒருமுறை சர்வரைப் புரட்டிப்போட யாரால் முடியும்? சந்தா கட்ட வழியில்லாத சிறு நிறுவனங்களும், கல்லூரி ஆய்வகங்களும், வீட்டு மூலையில் பழைய கணினியை வைத்துக் கற்கும் பிள்ளைகளும் திகைத்து நின்ற நேரம் அது.

ஆனால் ரெட்ஹேட் தன் மூலநிரலை மறைக்கவில்லை. ஜிபிஎல் உரிமப்படி தந்தாக வேண்டியவற்றோடு, தரக் கட்டாயமில்லாத பகுதிகளின் மூலத்தையும் பொதுவில் வைத்தது. அதை எடுத்து மீண்டும் கட்டினால் அதே இயங்குதளம் கிடைக்கும் அல்லவா என்று அமெரிக்காவில் சிலர் எண்ணினார்கள். கிரெகரி குர்ட்சர் நடத்திய கேயாஸ் என்ற லினக்ஸ் திட்டத்தின் நிழலில், ராக்கி மெக்கா முதலியோரின் உழைப்பில் அது உருவானது. 2004 மார்ச்சில் 3.1 வந்தது. மே மாதத்தில், ரெட்ஹேட்டின் முந்தைய பதிப்பிலிருந்து கட்டிய 2-ஆம் பதிப்பும் வந்து சேர்ந்தது. கம்யூனிட்டி எண்டர்பிரைஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று நீண்ட பெயர்; சுருக்கி சென்ட்ஓஎஸ்.

அவர்கள் செய்த வேலையின் தன்மையை இப்போது எண்ணிப் பார்த்தால் வியப்பு கூடுகிறது. மூலநிரல் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ரெட்ஹேட்டின் பெயரும் சின்னமும் எங்கெல்லாம் இருக்கின்றனவோ அங்கெல்லாம் தேடி நீக்க வேண்டும், அவை வணிக முத்திரைகள் என்பதால். பிறகு கம்பைல் செய்து, மூலத்தோடு ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் காரணம் கண்டுபிடித்து மறுபடி கட்ட வேண்டும். மூலத்தில் ஒரு பிழை இருந்தால் இவர்களுடையதிலும் அதே பிழை அதே இடத்தில் இருக்க வேண்டும் என்பதே விதி. ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதிய பழங்காலத்து எழுத்தர்களில் சிலர், மூல ஏட்டின் பிழையையும் தொடாமல் எழுதி வைத்தார்களே, அந்த வகை ஒழுக்கம். தன் கைவண்ணத்தைக் காட்டக் கூடாது, ஒரு வரியும் கூட்டக் கூடாது. கெட்டிக்காரப் புரோகிராமர்கள் இப்படித் தங்களை அடக்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உழைப்பது எளிதல்ல. வணிக முத்திரைச் சிக்கலால், தங்கள் ஆவணங்களில் ரெட்ஹேட் என்ற பெயரைக்கூட எழுதாமல், ‘வட அமெரிக்காவின் முன்னணி எண்டர்பிரைஸ் லினக்ஸ் நிறுவனம் ஒன்று’ என்றே குறிப்பிட்டு வந்த காலமும் உண்டு.

5-ஆம் பதிப்பு 2007 ஏப்ரலில் வந்தது. நல்ல டிவிடி டிரைவ் இல்லாத கணினிகளுக்காக ஆறேழு சிடிகளில் எழுதிக்கொள்வோம். ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் எண் போட்டு, ரப்பர் பேண்ட் மாட்டி வைத்த அடுக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நிறுவத் தொடங்கினால் முதலில் நீலத் திரை ஒன்று வந்து, சிடி பழுதில்லாமல் இருக்கிறதா என்று சோதிக்கட்டுமா என்று கேட்கும். பொறுமையில்லாதவர்கள் தாண்டிப் போவார்கள். பிறகு அனகோண்டா நிறுவி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கும்: எந்த மொழி, எந்த நேர மண்டலம், வட்டை எப்படிப் பிரிப்பது, ரூட்டுக்கு என்ன பாஸ்வேர்ட். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய பழைய பெட்டியில் அதை ஏற்றி, நெட்வொர்க் கார்டு உயிர்பெற்று எதிர்ப்பக்கம் பிங் போன கணத்தின் மகிழ்ச்சி இன்றைய பிள்ளைகளுக்கு விளங்குமா தெரியவில்லை. ஒரு பெரிய வங்கியின் சர்வரில் எது ஓடுகிறதோ, பெயர் மட்டும் மாறி, அதுவே என் மேசையின் கீழும் ஓடிற்று. ரெட்ஹேட் சான்றிதழ்த் தேர்வுக்குப் படித்தவர்கள் உலகம் முழுக்க சென்ட்ஓஎஸ்ஸில்தான் கைப்பழக்கம் பெற்றார்கள். பணம் இல்லாதவனும் பணம் உள்ளவனும் ஒரே கருவியில் தொழில் கற்ற காலம் அது. வேலைக்குப் போன முதல் நாளே அவர்களுக்குக் கை நடுங்காமல் இருந்ததற்கு அதுவே காரணம்.

நிறுவி முடித்ததும் யம் அப்டேட். ‘மிரர் வேகங்களைப் பார்க்கிறேன்’ என்று ஒரு வரி வரும். அடுத்து, எந்தெந்த ஊரிலிருந்து பொட்டலங்கள் வரப்போகின்றன என்ற பட்டியல். நம் பக்கத்துக் கணினிகளில் அந்தப் பட்டியலில் சென்னை ஐஐடியின் பெயர் வரும். மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தின் பெயரும் வரும். மூளையை ஆராயும் நிலையம் தன் வட்டிலும் இணைய இணைப்பிலும் ஒரு பங்கை ஒதுக்கி, முகம் தெரியாத எங்களுக்கு இயங்குதளம் பரிமாறிக்கொண்டிருந்தது. இப்படி உலகெங்கும் பல்கலைக்கழகங்களும் ஹோஸ்டிங் நிறுவனங்களும் மிரர்களைத் தாங்கின. அந்தப் பெயர்ப் பட்டியல் ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம், எங்கோ பலர் நமக்காக விளக்கை அணைக்காமல் வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணம் எழும்.

யம் என்றதும் சேத் விடால் நினைவுக்கு வருகிறார். யெல்லோடாக் லினக்ஸின் பழைய கருவி ஒன்றைத் திருத்தி, டியூக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது அவர் தன் கூட்டாளியோடு உருவாக்கியது யம். ஒரு பொட்டலத்தைக் கேட்டால் அது சார்ந்திருக்கும் மற்றவற்றையும் தானே தேடி இழுத்து வரும். அதற்கு முன் ஒன்றை நிறுவப் போனால் இன்னொன்றைக் கேட்கும், அதைத் தேடிப் போனால் வேறொன்றைக் கேட்கும், பொழுது போய்விடும். 2013 ஜூலையில் நார்த் கரோலினாவின் டர்ஹம் நகரில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த அவரை ஒரு கார் மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவர் பிழைக்கவில்லை. அந்தச் செய்தி வந்த வாரம் யம் என்று தட்டும்போதெல்லாம் விரல் ஒரு கணம் நின்றது. நேரில் பாராத மனிதர். ஆனால் அவர் எண்ணியது எங்கள் அன்றாடத்தில் தினமும் நடந்துகொண்டிருந்தது.

சென்ட்ஓஎஸ்ஸின் பெருமை அதன் வேகத்தில் இல்லை. அது மாறாமல் இருந்ததில் இருந்தது. 5-ஆம் பதிப்பில் பிஎச்பி 5.1, பைத்தான் 2.4. வெளியே உலகம் எங்கெங்கோ போய்விடும். இங்கே எண் நகராது. இளைஞர்கள் சலித்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு நிறுவனத்தின் சம்பளக் கணக்கும் மருத்துவமனையின் நோயாளிப் பதிவும் எதன் மேல் ஓடுகின்றனவோ, அது நாளைக்கும் இன்றுபோலவே நடந்துகொள்ள வேண்டும். ரெட்ஹேட் முதலில் ஏழாண்டு என்றது, 2012-இல் அதைப் பத்தாண்டாக்கியது. சென்ட்ஓஎஸ்ஸும் அதே வாக்கைத் தந்தது. ஒப்பந்தம் இல்லை, கையெழுத்து இல்லை, காசு இல்லை. 2007 ஏப்ரலில் வந்த 5, 2017 மார்ச் 31 வரை திருத்தங்கள் பெற்றது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள்.

எண் நகராது என்றால் உள்ளே எதுவும் நடக்கவில்லை என்று பொருளல்ல. புதிய பதிப்பில் வந்த பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் தனியே எடுத்துப் பழைய பதிப்பில் பொருத்துவார்கள். மேலே பார்த்தால் பழைய எண், உள்ளே ஓட்டை அடைபட்டிருக்கும். பாதுகாப்புத் தணிக்கைக்கு வருபவர்கள் ஸ்கேனரை ஓட்டி, இந்த அப்பாச்சி இணைய சர்வர் காலாவதியானது என்று சிவப்பு மையில் எழுதித் தருவார்கள். நாங்கள் ஆர்பிஎம் கட்டளையால் அந்தப் பொட்டலத்தின் மாற்றக் குறிப்பை விரித்துக் காட்டுவோம். எந்தத் தேதியில் எந்த ஓட்டைக்கு யார் திருத்தம் சேர்த்தார் என்று ஆண்டாண்டாக வரிசையாக இருக்கும். அந்தக் குறிப்புகளைப் பொழுதுபோக்காகவே படித்த நாட்கள் உண்டு. ஆரவாரமில்லாத உழைப்பின் நாட்குறிப்பு அது.

2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் வெடித்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் இருந்த ஒரு குறையால், சர்வரின் நினைவகத்தில் கிடக்கும் ரகசியங்களை வெளியிலிருந்து எவரும் உறிஞ்சிவிடலாம் என்ற நிலை. 6.5-ஆம் பதிப்பில் இருந்தது 1.0.1இ, அது மாட்டிக்கொண்டது. ரெட்ஹேட்டின் திருத்தம் வரும்வரை காத்திராமல், பழுதான அந்த வசதியையே முடக்கிய தற்காலிகப் பொட்டலத்தை சென்ட்ஓஎஸ் குழு வெளியிட்டது. மூலத்திலிருந்து இம்மியும் விலகாதவர்கள், ஆபத்து என்றதும் எங்களுக்காக விலகினார்கள். 5-ஆம் பதிப்பிலோ 0.9.8 என்ற பழைய ஓப்பன்எஸ்எஸ்எல்தான் இருந்தது. குறை அதற்குப் பிறகு வந்த நிரலில் புகுந்தது, ஆகவே 5 தப்பியது. மாறாததன் மதிப்பை அந்த வாரம் எங்கள் துறையில் எல்லோரும் உணர்ந்தோம்.

அவர்களின் பொறுமைக்கு எடுத்துக்காட்டாக நான் எப்போதும் நினைப்பது டட்டில் நகரக் கதை. 2006 மார்ச். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்துச் சிற்றூர் அது. நகராட்சியின் இணையதளம் திடீரென்று மறைந்து, அப்பாச்சி நிறுவியதும் வரும் இயல்பான சோதனைப் பக்கம் தெரிந்தது. அதில் சென்ட்ஓஎஸ்ஸின் பெயர் இருந்தது. நகர நிர்வாகி, இவர்கள்தான் தளத்துக்குள் புகுந்துவிட்டார்கள் என்று எண்ணி, எஃப்பிஐயிடம் போவேன் என்று மிரட்டி எழுதினார். சென்ட்ஓஎஸ்ஸின் ஜானி ஹியூஸ் திரும்பத் திரும்ப விளக்கி எழுதினார். தாங்கள் மென்பொருள் தருபவர்கள் மட்டுமே, உங்கள் சர்வரை நடத்துபவர் வேறு என்று சொன்னதோடு நில்லாமல், யார் நடத்துகிறார்கள் என்றும் தேடிப் பார்த்துச் சொன்னார். ஒரு காசும் வாங்காமல் தந்த பொருளுக்காக மிரட்டப்பட்ட மனிதர், மிரட்டியவரின் சிக்கலைத் தீர்த்து வைத்தார். தன்னார்வலர்களின் பெருந்தன்மை பற்றிப் பேச்சு வந்தால் நான் சொல்வது இதைத்தான்.

2010-இன் நடுவில், லினக்ஸில் ஓடும் இணைய சர்வர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் சென்ட்ஓஎஸ் என்று டபிள்யூ3டெக்ஸ் என்ற கணக்கெடுப்புத் தளம் கணக்கிட்டது. வேறெந்த லினக்ஸுக்கும் அப்போது அவ்வளவு பங்கு இல்லை. ஹோஸ்டிங் நிறுவனங்களின் சிபேனல் அதன் மேல் இருந்தது. கால் சென்டர்களில் மணியடித்த ஆஸ்டரிஸ்க் தொலைபேசி இணைப்பகங்கள் பலவும் அதன் மேல் இருந்தன. ஆய்வகங்களின் கணினிக் கொத்துகளிலும் அதுவே. துகள்களை மோதவிட்டு ஆராயும் செர்ன் தன் தேவைக்கேற்ற சென்ட்ஓஎஸ் 7-ஐ வைத்துக்கொண்டது.

இவ்வளவு பாரத்தையும் தாங்கியவர்கள் மிகச் சிலர் என்பது சில நேரங்களில்தான் வெளியே தெரிந்தது. 2009 ஜூலையில், இணைய முகவரியையும் நன்கொடைக் கணக்கையும் கையில் வைத்திருந்த நிறுவனர் ஒருவரைத் தொடர்புகொள்ள முடியாமல், மற்றவர்கள் பகிரங்கக் கடிதம் எழுத நேர்ந்தது. சில நாட்களில் அது சரியானது. அடுத்து 6-ஆம் பதிப்புக்கான காத்திருப்பு. ரெட்ஹேட்டின் 6, 2010 நவம்பர் 10-இல் வந்துவிட்டது. சென்ட்ஓஎஸ் 6 வந்தது 2011 ஜூலை 10-இல். எட்டு மாதம். இடையில், அதே மூலத்திலிருந்து ஃபெர்மிலேப் ஆய்வகமும் செர்னும் கட்டிப் பேணிய சயின்டிஃபிக் லினக்ஸின் 6 முந்திக்கொண்டது. பலர் அந்தப் பக்கம் போனார்கள். மற்றவர்கள், தினமும் தளத்தைத் திறந்து பார்த்துக்கொண்டே, காத்திருந்தார்கள்.

2014 ஜனவரி 7-இல் ரெட்ஹேட்டே சென்ட்ஓஎஸ்ஸோடு கைகோத்தது. முக்கியமானவர்களைப் பணியில் அமர்த்திக்கொண்டது. இனிக் கவலையில்லை என்று எல்லோரும் மூச்சுவிட்டோம். அந்த ஆண்டு 7-ஆம் பதிப்பு, மூலம் வந்து ஒரு மாதம் ஆவதற்குள் வந்துவிட்டது. 2019 ஜூலையில் 34 பில்லியன் டாலருக்கு ஐபிஎம், ரெட்ஹேட்டை வாங்கியது. செப்டம்பரில் சென்ட்ஓஎஸ் 8 வந்தது, 2029 வரை ஆயுள் என்ற உறுதியோடு. அது வரும் என்று நம்பித்தான், எங்களுக்குத் தனியாக ஒன்று தேவையில்லை, 8-ஐயே எடுத்துக்கொள்வோம் என்று ஃபெர்மிலேப் முன்பே சயின்டிஃபிக் லினக்ஸை 7-ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டிருந்தது.

2020 நவம்பர் 30-இல் 6-ஆம் பதிப்பின் ஆயுள் முடிந்தது. பல இடங்களில் நிர்வாகிகள் இரவு பகலாக 6-இலிருந்து 8-க்கு மாறி முடித்துக் களைத்திருந்தார்கள். எட்டே நாளில், டிசம்பர் 8-இல், அறிவிப்பு வந்தது: சென்ட்ஓஎஸ் 8, 2021 டிசம்பர் 31-ஓடு நிற்கும், இனி எல்லாக் கவனமும் ஸ்ட்ரீம் மேல். ஸ்ட்ரீம் என்பது ரெட்ஹேட்டின் அடுத்த வெளியீட்டுக்குச் சற்று முன்னே ஓடுவது. அதற்கும் பயன் உண்டு; மிகப் பெரிய நிறுவனங்களும் அதை ஓட்டுகின்றன. ஆனால் முடிந்த ஒன்றின் அச்சுப் பிரதியாக, அசையாமல் இருக்கும் என்பதற்காகத்தான் சென்ட்ஓஎஸ்ஸை வைத்திருந்தோம். 7 இருக்க, 8 போயிற்று. ரெட்ஹேட்டுக்குத் தன் பக்க நியாயம் இருக்கும். சிறு அளவில் பயன்படுத்துவோர்க்கு 16 சர்வர் வரை தன் இயங்குதளத்தை இலவசமாகவும் தர முன்வந்தது. எனக்கு வலித்தது வேறு. 2029 என்று சொல்லிவிட்டு 2021 என்று திருத்தியதில், அதுவரை எண்ணிப் பார்க்காமலே நம்பிய ஒன்றை இனி எண்ணிப் பார்த்துத்தான் நம்ப வேண்டும் என்று ஆகிவிட்டது. இழந்த ஆண்டுகளைவிட அந்த நம்பிக்கை பெரிது.

7 மட்டும் தன் நாள் வரை இருந்தது. 2024 ஜூலை பிறந்ததும் யம் கட்டளை கொடுத்தவர்களுக்கு, மிரர் பட்டியல் தரும் முகவரியையே கண்டுபிடிக்க முடியவில்லை என்ற பிழைச் செய்தி வந்தது. பொட்டலங்கள் எல்லாம் வால்ட் என்ற காப்பகத்துக்குப் போய்விட்டன. ஊர் ஊராக நீண்டு வந்த அந்தப் பெயர் வரிசை இல்லை.

ஆனால் தொழில் முறை சாகவில்லை. 8-ஐ நிறுத்தும் அறிவிப்பு வந்த சூட்டிலேயே கிரெகரி குர்ட்சர் மறுபடி தொடங்கினார். சென்ட்ஓஎஸ் அடைந்த வளர்ச்சியைப் பார்க்காமலே மறைந்துவிட்ட தன் தோழர் ராக்கி மெக்காவின் நினைவாக அதற்கு ராக்கி லினக்ஸ் என்று பெயர் வைத்தார். கிளவுட்லினக்ஸ் நிறுவனம் தொடங்கி, லாபநோக்கற்ற அறக்கட்டளையிடம் ஒப்படைத்த அல்மாலினக்ஸ் 2021 மார்ச்சிலேயே வந்துவிட்டது. 2023 ஜூனில் ரெட்ஹேட் தன் வெளியீடுகளின் மூலநிரலைப் பொதுவில் வைப்பதை நிறுத்தி, இனி ஸ்ட்ரீமின் நிரல் மட்டுமே பொதுவில் என்றபோதும் இரண்டும் ஆளுக்கொரு வழி கண்டு நிலைத்தன. செர்னும் ஃபெர்மிலேபும் இன்று அல்மாவை எடுத்திருக்கின்றன. அதில் லாகின் செய்தால் என் விரல்களுக்கு எதையும் புதிதாகக் கற்க வேண்டியிருப்பதில்லை.

இந்த முறை அவற்றை நடத்துபவர்கள் பெயரையும் சின்னத்தையும் ஒரு நிறுவனத்தின் கையில் முழுதாகக் கொடுத்துவிடாமல் அமைப்பு விதிகளை எழுதியிருக்கிறார்கள். அது நல்லது. ஆனால் விதிகள் தாமே பொட்டலம் கட்டுவதில்லை. நள்ளிரவில் திருத்தம் வெளியிட ஆள் வேண்டும், மிரர் தாங்க வட்டு வேண்டும், மூலத்தோடு ஒப்பிட்டுச் சோதிக்கப் பொறுமை வேண்டும். சம்பளமும் வீடும் பிள்ளைகளின் படிப்பும் சென்ட்ஓஎஸ்ஸால் அமைந்த தலைமுறை நாங்கள். இன்று அதே வேலையைச் செய்பவர்களுக்கு நேரமோ பணமோ சர்வர் இடமோ கொடுப்பது எங்கள் கடன். அந்தப் பத்தாண்டு வாக்கை யாரோ சிலர் எங்களுக்குக் காப்பாற்றித் தந்தார்கள். இப்போது கற்க வரும் பிள்ளைகளுக்கு அதைக் காப்பாற்றித் தருவது எங்கள் முறை.